குன்னூர்த் தண்ணீர்

எங்கள் தெருவில் புது இறாலையும் புது மனுஷரையும் ஒரே மாதிரிதான் வீட்டுக்குள் சேர்ப்போம். சொட்டு விட்டுச் சேர்ப்போம். வீட்டு மீன் தொட்டியிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று கீழே இறங்கும். குழாயின் நடுவில் ஒரு முடிச்சு இருக்கும். அந்த முடிச்சைத் தாண்டி தொட்டித் தண்ணீர் ஒவ்வொரு சொட்டாக ஒரு பிளாஸ்டிக் வாளியில் விழும். இறால் என்றால் வாளிக்குள் கிடக்கும். மனுஷர் என்றால் நாற்காலியில் உட்கார்ந்து காலை மட்டும் வாளிக்குள் விட்டுக்கொள்வார். செம்புப் பாத்திரம் ஆகாது. இறாலுக்கும் ஆகாது, மாப்பிள்ளைக்கும் ஆகாது.

விருந்தாளி என்றால் ஒரு டம்ளர் அளவு சொட்டு போதும். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவருக்கு நாங்கள் நடை வரைக்கும்தான் சொட்டு விட்டிருக்கிறோம். பாவம், எங்கள் வீட்டில் சமையலறை என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. சிலிண்டரை நடையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். புருஷனாக வருகிறவருக்கு மட்டும் காலையில் ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை சொட்டு விழ வேண்டும்.

என் புருஷன் சற்குணம் குன்னூரிலிருந்து பாளையங்கோட்டைக்கு ஒரு சனிக்கிழமை காலையில் வந்து சேர்ந்தார். கல்யாணம் முந்தின வாரமே அவர் ஊர் வேதக்கோவிலில் முடிந்திருந்தது. தொட்டியைக் கழுவித் தயார் செய்ய வேண்டும் என்று நான் மட்டும் முன்னால் வந்துவிட்டேன். எனக்கு நாற்பத்தாறு வயது, இது முதல் கல்யாணம். அவருக்கு இரண்டாவது. முதல் மனைவி ரோசலின் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது.

ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் தண்ணீர் நிரப்பி வாயைக் கட்டிய பாலித்தீன் பை. பைக்குள் சுண்டுவிரல் நகம் அளவுக்குச் சிவப்பு இறால்கள்.

"சீதனம்" என்றார்.

மாப்பிள்ளை சீதனம் கொண்டுவருவது எங்கள் சபையில் இதுதான் முதல் தடவை. அந்த நிமிஷமே எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது.

முதலில் பையை அப்படியே தொட்டியில் மிதக்கவிட்டேன். குளிரும் சூடும் ஒன்றாக வேண்டும் அல்லவா. அவரும் முறைப்படி தொட்டிக் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றார். பையைச் சுற்றிப் பனி பிடித்தது. அவர் மூக்குக்கண்ணாடியிலும் பனி பிடித்தது. இரண்டும் தெளிந்ததும் பையை வாளியில் கவிழ்த்து, அவரை நாற்காலியில் உட்காரவைத்து, குழாயை வாயால் உறிஞ்சி இறக்கி முடிச்சுப் போட்டேன்.

முதல் சொட்டு விழுந்தது. அவர் தலை நிமிர்ந்தார்.

"மாடிப்படியிலே கடைசிப் படி குட்டை. பார்த்து இறங்கணும், இல்லையா?"

"ஆமா."

அடுத்தடுத்த சொட்டுகளில் குளியலறை ஸ்விட்ச் கதவுக்குப் பின்னால் இருப்பது அவருக்குத் தெரிந்தது. சாம்பல் பூனை நம்முடையது இல்லை, ஆனால் மத்தியானச் சாப்பாடு நம் வீட்டில்தான் என்பதும் தெரிந்தது. நான் கோபமாக இருந்தால் பாத்திரத்தைச் சத்தமாக வைப்பேன், அப்போது யாரும் ஒன்றும் கேட்கக் கூடாது என்பதைத் தெரிந்துகொண்டபோது லேசாகச் சிரித்தார். அவர் பாதத்தைச் சுற்றி இறால்களும் வீட்டைப் படித்துக்கொண்டிருந்தன. தொட்டியில் வாதாம் இலை எந்த மூலையில் போட்டிருக்கிறது என்று புரிந்து எல்லாம் அந்தப் பக்கமாக மூஞ்சியைத் திருப்பிக்கொண்டன.

வாளி நிறைந்தால் பாதியை மொண்டு வெளியே முருங்கைமரத்துக்கு ஊற்ற வேண்டும். பழைய தண்ணீர் தொட்டிக்குள் வரக் கூடாது, அது சட்டம். முதல் தடவை மொண்டு ஊற்றியதும் அவர் கழுத்தில் மப்ளரைத் தேடுவதை நிறுத்தினார். அடுத்த தடவையில் அவரிடமிருந்து தேயிலை ஃபாக்டரி வாசனை போய்விட்டது. மறுபடியும் கப்பை எடுத்தபோது அவர் என் கையைப் பார்த்தார்.

"கிருபை, அந்தத் தண்ணியிலே ஒரு டம்ளர் எடுத்து வச்சுக்கலாமா?"

"எதுக்கு?"

"குன்னூர் வீட்டிலே ரோசலின் வச்ச தொட்டித் தண்ணி அது. அவ போன பிறகு நான் தண்ணியை மொத்தமா மாத்தினதே இல்லை. குறைஞ்சா ஊத்துவேன், அவ்வளவுதான்."

எனக்குச் சுருக்கென்றது. பொறாமை இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். ஒரு டம்ளர் மொண்டு ஜன்னல் கட்டையில் வைத்தேன். சத்தமாகத்தான் வைத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் கோவிலில் பெண்கள் ஐக்கியம் நடத்துகிற ஆராதனை, எல்லாரும் குடும்பமாக வருவார்கள். எத்தனையோ கிறிஸ்மஸுக்கு நான் அந்தக் கோவில் பெஞ்சின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்து, அடுத்தவர்கள் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டிருக்கிறேன். இன்றைக்கு இந்த மனுஷனை முழுசாகச் சேர்த்து, பக்கத்தில் கூட்டிக்கொண்டு உள்ளே நுழைய வேண்டும் என்று இருந்தது. சொட்டோ கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்கு நெய் ஊற்றுகிற மாதிரி விழுந்துகொண்டிருந்தது. பொறுமைக்கும் எனக்கும் வெகு தூரம். முடிச்சைக் கொஞ்சம் தளர்த்தினேன்.

சொட்டுகள் சேர்ந்து நூலாயின. நூல் கயிறானது. என்னைப் பெண் பார்க்க வந்து பஜ்ஜி சாப்பிட்டுவிட்டுப் போன குடும்பங்கள் எல்லாம், அப்பா படுக்கையில் கிடந்த காலம், அம்மா கடைசிவரை யாரோடோ பேசாமல் இருந்தது, நான் கொல்லையில் நின்று அழுதது, மொத்தமும் ஒரே மூச்சில் அவருக்குள் இறங்கியது. அவர் மெதுவாக "போதும்" என்று சொன்னார். நான் அப்போது புடவைக்குக் கொசுவம் வைத்துக்கொண்டிருந்தேன், காதில் விழவில்லை.

வந்து பார்த்தால் இறால்கள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. சிவப்பு வெளுத்துப்போயிருந்தது. அவர் உதடும் வெளுத்திருந்தது. ஈரக் காலோடு எழுந்து பெட்டியை எடுத்தார்.

"சாயங்கால பஸ்ஸுக்குப் போறேன், மேடம்."

என்னை மேடம் என்றார்.

பக்கத்து வீட்டு ஜெயசீலி அக்காவைச் சுவருக்கு மேலே எட்டிக் கூப்பிட்டேன். தெருவில் பாதிப் பேருக்குச் சொட்டு விட்ட கை அக்காவுடையது. வந்து வாளியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், முடிச்சைப் பார்த்தாள்.

"ஏட்டி, தளர்த்திட்டியா?"

"கொஞ்சம்."

"கொஞ்சமா? உன் வீடு மொத்தமா ஏறிட்டு. அவுகளோடதுன்னு உள்ள ஒண்ணும் மிச்சமில்ல. பிறகு எப்படி நிக்கும்? பழைய தண்ணி இருக்கா?"

"முருங்கைக்கு ஊத்திட்டேன்."

வெளியே முருங்கைமரம் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தது. அக்கா ஜன்னல் கட்டையைப் பார்த்தாள்.

"அந்த டம்ளர்ல என்ன?"

சொன்னேன். அக்கா டம்ளரை எடுத்து மோந்து பார்த்தாள்.

"அதை ஊத்தினா பிழைச்சுக்கிடும். ஆனா மயங்கி எந்திரிச்சதை வலை போட்டு எடுக்கக் கூடாது. வாளித் தண்ணியோட அப்படியே தொட்டியில விடணும். அந்த அம்மா தண்ணியும் சேர்ந்து உன் வீட்டுக்குள்ள வரும். யோசிச்சுக்கோட்டி."

அவர் வாசலில் குனிந்து நின்று, செருப்பில் எது வலது எது இடது என்று தெரியாமல் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இந்த மனுஷன் வேண்டும். பையோடு பஸ் ஏறி, அந்தத் தண்ணீர் சிந்தாமல் மலையிலிருந்து மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாரே, அந்த ஆள் வேண்டும். அந்த ஆளில் ரோசலினும் கொஞ்சம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அவர் கையைப் பிடித்து மறுபடியும் நாற்காலியில் உட்காரவைத்தேன். டம்ளரை வாளியின் ஓரமாகச் சாய்த்து மெதுவாக ஊற்றினேன். ஒரு இறால் மீசையை அசைத்தது. இன்னொன்று காலை உதறி நிமிர்ந்தது. அப்புறம் எல்லாமே எழுந்து அவர் கால்விரல்களுக்கு நடுவில் மேய ஆரம்பித்தன. அவர் உதட்டில் நிறம் வந்தது.

"கிருபை" என்றார். "ரோசலின் காப்பியிலே துளி சுக்கு போடுவா."

"நாளைக்கு நானும் போடுறேன்" என்றேன்.

அப்புறம் முடிச்சை இறுக்கி, ஒழுங்காகச் சொட்டு விட்டேன். கோவில் மணி அடித்தது. நான் போகவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் வாளியைத் தூக்கி, தண்ணீரோடு இறால்களைத் தொட்டியில் விட்டோம். தரையில் உட்கார்ந்து இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு இறால் வாதாம் இலைமேல் ஏறி நின்று தோலை உரித்துப் போட்டது. அதைப் பார்த்து அவரும் தன் தோலை உரித்து நாற்காலி முதுகில் போட்டார். கண்ணாடித்தாள் மாதிரி இருந்தது. நான் அதை மடித்து பீரோவில் வைத்தேன். கோவிலுக்குப் போகாத வருத்தம் எனக்குக் கொஞ்சம்கூட இல்லை.

மறுநாள் காலையில் காப்பிக்குச் சுக்கு தட்டலாம் என்று சமையலறைக்குப் போனேன். ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். தலை ஈரம், சேலை முந்தி சொட்டுகிறது, தோளில் பாசி ஒட்டியிருக்கிறது. அவர் காட்டிய ஃபோட்டோவில் பார்த்த முகம்தான்.

"நீதானே கிருபை?"

"ஆமா, ரோசலின் அக்கா."

"சொட்டு விடாம உள்ளே வந்துட்டேன். கோவிச்சுக்காதே."

அவள் உதடு வெளுக்க ஆரம்பித்திருந்தது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு, வாளியில் அவள் சேலையைப் பிழிந்து, குழாயை இறக்கினேன். அவள் காலை வாளிக்குள் விட்டுக்கொண்டு, இடுப்பிலிருந்து வாய் கட்டிய பாலித்தீன் பை ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இதைக் கொஞ்ச நேரம் தொட்டியிலே மிதக்க விடு."

வாங்கிப் பார்த்தேன். பைக்குள் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன வீடு, அதன்மேல் மழை பெய்துகொண்டிருந்தது. உள்ளே யாரோ இருமினார்கள்.

"யாரு அக்கா?"

"நம்ம மாமியார். அவங்களுக்கு எல்லாமே நிதானம். அவசரப்படுத்தினா ஆகாது."

"அவசரமே இல்லை அக்கா" என்று சொல்லிப் பையைத் தொட்டியில் விட்டேன். இறால்கள் வந்து சூழ்ந்துகொண்டன. முடிச்சை இன்னும் ஒரு சுற்று இறுக்கிவிட்டு, ஜெயசீலி அக்கா வீட்டில் இன்னொரு நாற்காலி கேட்டு வாங்கப் போனேன்.