மூலையற்ற வீடு

துளையிட்ட அட்டைப்பெட்டிக்குள் கீச்சொலி பொங்கிக்கொண்டிருந்தது. பொரித்து ஒரு நாளே ஆன கோழிக்குஞ்சுகள். வீட்டார் கூடத்தில் சுற்றி நின்றனர். மூடியைத் திறக்க மட்டும் ஒரு கையும் நீளவில்லை. எந்தக் கை முதலில் தொடுவது என்பது இன்னும் தீர்ந்தபாடில்லை.

"பெரியவ கையால எடுத்து விடட்டும்," என்றார் மாமனார். ஓய்வு பெற்ற பேருந்து நடத்துநர். விசில் இல்லாமலேயே வீட்டை நிறுத்தவும் கிளப்பவும் தெரிந்தவர்.

கைராசிக்காரி என்று பேர்வாங்கிய மூத்த மருமகள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டாள். "நான் தொடமாட்டேன் மாமா. அவ வாங்கிட்டு வந்த குஞ்சு, அவளே விடட்டும்."

இளைய மருமகளைப் பார்த்தார் மாமனார். "சரி. ஆனா இந்தத் தடவையும் செத்துச்சுன்னா, அதுக்கப்புறம் இந்த வீட்ல ஒரு செடிக்குத் தண்ணிகூட நீ ஊத்தக் கூடாது."

போன முறை அவள் வளர்த்த குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்தன. ஏன் மடிந்தன என்று எவரும் கேட்கவில்லை. கேட்பானேன்? விடை தயாராக இருந்தது: அவள் கை ராசியில்லாத கை. அன்று முதல் உப்பு ஜாடி அவளிடமிருந்து விலகிற்று. ஊறுகாய் ஜாடி விலகிற்று. பக்கத்து வீட்டுத் தையற்காரி தன் கைக்குழந்தையைக் காட்ட வந்தபோது, இளையவள் நீட்டிய கைகளைக் கண்டதும், துண்டை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினாள். உழைத்துக் காய்த்த கை அது. உண்ணும் சோற்றில் பாதியைச் சம்பாதித்த கை அது. அந்தக் கைக்கு ஒரு குழந்தையைத் தொட உரிமையில்லை என்று தீர்ப்பெழுத எந்த நீதிமன்றமும் கூடவில்லை. ஒரு துண்டின் ஓரம் போதுமானதாக இருந்தது.

அவள் அழவில்லை, யோசித்தாள். செத்தவை எங்கே கிடந்தன? பெட்டியின் மூலையில். எப்படிக் கிடந்தன? நசுங்கி, அடியில். மேலே கிடந்தவை செத்ததேயில்லை. அட்டைப்பெட்டி ஆலையில் நாளெல்லாம் மூலை மடிப்பது அவள் தொழில். அவள் மடித்த மூலையில் நூல் நுழைய இடமிராது என்று மேற்பார்வையாளரே மெச்சுவார். குஞ்சுகளுக்கும் அதே கர்வத்தோடுதான் சூட்டுப்பெட்டி செய்திருந்தாள்: நான்கு மூலைகள், நான்கும் கத்திபோல. குளிர்ந்தால் குஞ்சுகள் ஒண்டும். ஒண்டினால் மூலைக்கு ஓடும். மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடியிலிருப்பது மூச்சு முட்டிச் சாகும். கொன்றது கையன்று, மூலை!

ஆகவே இம்முறை மூலையே வைக்கவில்லை. ஆலையில் கழித்த நெளி அட்டைச் சுருளை வாங்கிவந்து, கூடத்தின் ஓரத்தில் வட்டமாக வளைத்துச் சுவர் எழுப்பினாள். மரச்சீவலைப் பரப்பினாள். நடுவே குண்டு பல்பைத் தொங்கவிட்டாள். ஒவ்வொரு குஞ்சின் அலகையும் தண்ணீரில் நனைத்துக் குடிக்கப் பழக்கி, தன் கையாலேயே இறக்கிவிட்டாள். பல்பின் கீழ் அவை நெருக்கியடித்தால் பல்பைத் தாழ்த்தினாள். சுவரோரம் ஒதுங்கி வாய் பிளந்தால் உயர்த்தினாள். குஞ்சுகள் சொல்வதைக் கேட்டாளே தவிர, கூடத்தில் பேசியதைக் கேட்கவில்லை.

சோதனை ஒரு மழைப் பகலில் வந்தது. ஆலையின் இயந்திரங்கள் அத்தனையும் ஒருசேர வாயடைத்தன. மின்சாரம் இல்லையென்றால் வீட்டில் பல்பும் இல்லை. வீட்டுக்குப் போக அனுமதி கேட்டபோது, கோழிக்குஞ்சுக்குக் காய்ச்சலா என்று மேற்பார்வையாளர் சிரித்தார். அவள் மழையில் ஓடினாள்.

கூடத்தில் மூத்தவள் குத்துக்காலிட்டு அமர்ந்திருந்தாள். அருகில் வெந்நீர் நிரப்பிப் பழந்துணி சுற்றிய புட்டிகள். அவற்றை ஒவ்வொன்றாகச் சமையலறை இடுக்கியால் கவ்வி, மூச்சைப் பிடித்தபடி வட்டத்துக்குள் இறக்கிக்கொண்டிருந்தாள்.

"கை படலடி. சத்தியமா படல. இடுக்கிதான்."

"எதுக்குக்கா இந்தப் பாடு?"

"என் கை பட்டுப் பொழச்சா, என் ராசின்னுடுவாங்க." மூத்தவள் இடுக்கியைக் கீழே வைக்கவில்லை. "எனக்கு வேணாம்டி அந்த ராசி. எவன் புதுசா தொடப்பம் வாங்கினாலும் நான் போய்ப் பெருக்கித் தரணும். போகலன்னா திமிரு. போய் வெளங்கலன்னா பழி."

இளையவள் ஈரத்தோடு அவளருகில் அமர்ந்தாள். தன் கைக்கு மட்டுமே விலங்கு என்றல்லவா நினைத்திருந்தாள்? அந்த விலங்கின் மறுமுனை இவள் கையில் பூட்டியிருந்தது.

மூத்தவள் வட்டத்தைக் காட்டினாள். "கரண்ட் போனதும் எல்லாம் சுவத்துக்கு ஓடுச்சுங்க. மூலையத் தேடுச்சுங்க. கெடைக்கல. முட்டி முட்டிச் சுத்தி வந்து, தானா கலைஞ்சிடுச்சுங்க. நான் கண்ணால பாத்தேன்."

புட்டிகளைச் சுற்றிக் குஞ்சுகள் பரவலாகப் படுத்திருந்தன. அடியில் ஒன்றும் இல்லை.

இறகு முளைத்தது. பல்பு தேவைப்படாத காலை வந்தது. குஞ்சுகளையும் அட்டைச் சுவரையும் முற்றத்துக்குக் கொண்டுசென்று, அங்கேயும் ஓரிரவு பழக்கியிருந்தார்கள். மாமனார் எண்ணிப் பார்த்தார்; மறுபடி எண்ணினார். ஒன்றும் குறையவில்லை.

"பெரியவ வீட்ல இருந்தா அப்படித்தான்," என்றார்.

மூத்தவள் உள்ளே போய் இடுக்கியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். "நான் ஒண்ணையும் தொடல மாமா. தொட்டது இதுதான். ராசி வேணும்னா இதக் கூப்பிடச் சொல்லுங்க."

இடுக்கியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாதவர்போல் அவர் நின்ற வேளையில், தையற்காரி வாசலுக்கு வந்தாள். இடுப்பில் குழந்தை, விரலில் புதுக்கடையின் சாவி. மூத்தவள் வந்து முதலில் திறந்துதர வேண்டுமாம்.

"உன் கடை, உன் சாவி," என்றாள் மூத்தவள். "கொழந்தய அவகிட்ட குடுத்துட்டுப் போய் நீயே தொற."

தையற்காரி அசையவில்லை. இளையவள் அவளைப் பார்க்கவுமில்லை. குனிந்து அட்டைச் சுவரின் முனையைப் பிரித்து, நடந்தபடியே சுருட்டி எடுத்தாள். சுவர் போயிற்று. குஞ்சுகள் போகவில்லை. சற்றுமுன்வரை சுவர் நின்ற வட்டத்தின் விளிம்பில், இல்லாத சுவருக்கு இப்பால், வரிசையாக நின்று வெளியே பார்த்தன. இடுப்பிலிருந்த குழந்தை அவற்றைக் கண்டு துள்ளி, இரு கைகளையும் நீட்டி, தாயின் பிடியிலிருந்து இளையவளின் பக்கமாகச் சாய்ந்தது. விளிம்பில் நின்ற ஒரு குஞ்சு கழுத்தை நீட்டிற்று. ஒரு காலைத் தூக்கிற்று. அந்தக் காலைக் கோட்டுக்கு அப்பால் வைத்தது.