பலூன் உடைத்த கை

திரையில் பலூன்கள் மேலே ஏறிக்கொண்டே இருந்தன. கிரேன்காரரின் வலது கை ஜாய்ஸ்டிக்கை அழுத்தி அழுத்தித் துரத்தியும் பாதிக்கு மேல் தப்பித்துப் போயின. இரண்டு நிமிடம் முடிந்து மணி அடித்தபோது எண் நூற்று நாற்பது. நேற்று வீட்டிலிருந்து வந்த எண் தொள்ளாயிரத்து எழுபது.

பிசியோதெரபிஸ்ட் அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "இன்னொரு தடவை ஆடுங்க சார்."

இந்த முறை நூற்றிருபது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி சேலைத் தலைப்பை முறுக்க ஆரம்பித்தாள்.

எல்லாம் அந்த மனுஷனின் வீம்பால் வந்தது. துறைமுகத்தில் இரும்புக் கயிறு இழுத்து விரல் தசைநாண்கள் அறுந்து, தைத்து, கட்டுப் பிரித்ததும், கைப்பயிற்சிக்கென்று ஆஸ்பத்திரி ஒரு விளையாட்டுப் பெட்டியைக் கொடுத்தனுப்பியது. தினமும் அரை மணி பலூன் உடைக்க வேண்டும். "கன்டெய்னர் தூக்குறவன் பலூன் உடைக்கிறதா?" என்று முதல் நாளே முறுக்கிக்கொண்டார். பெட்டியில் இருந்த பன்னிரண்டு ஆட்டங்களில் அவர் மனசு போனது லாரியை ரிவர்ஸ் எடுக்கும் ஆட்டத்தின் மேல். குறுகலான சந்து, இருபுறமும் சுவர், உரசாமல் பின்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் எழுந்திருக்க மாட்டார்.

ஆனால் பலூன் ஆட்டம் மட்டும்தான் ஆஸ்பத்திரிக்கு எண் அனுப்பும். அதைத் தூக்கி மனைவி தலையில் கட்டினார். தையல்காரி, விரல்கள் பறக்கும். "அவளுக்குப் பலூன்னா உயிர்" என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார். எண் மளமளவென்று ஏறியது. பூரித்துப்போன ஆஸ்பத்திரி, தகுதிப் பரிசோதனையை மூன்று வாரம் முன்னுக்கு இழுத்து இன்றைக்கே வைத்துவிட்டது.

துறைமுகத்தின் விதிப்படி பரிசோதனை ஒரே தடவைதான். தேறவில்லையென்றால் கிரேன் இன்னொருவருக்குப் போகும், இவர் கீழே பதிவு மேசைக்கு. பத்தொன்பது வருடம் உயரத்தில் உட்கார்ந்தவர் அந்த மேசைப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

"ஒரே நாள்ல இவ்வளவு இறங்காது" என்றார் அம்மாள். "உள்ள தைச்சது பாதி அறுந்திருக்கணும்." சர்ஜனுக்குப் போன் போட்டார். "ஆபரேஷன் தியேட்டர் வேணும். இன்னைக்கே திறந்து பார்த்துடலாம்... காலையில என்ன சாப்பிட்டீங்க சார்?"

மனைவி வாயைத் திறந்தாள். கிரேன்காரர் அவளை முறைத்தார். உண்மையைச் சொன்னால் கிரேன் போகும். சொல்லாவிட்டால் நன்றாக இருக்கும் கையைக் கிழிப்பார்கள், ஆனால் பரிசோதனை தள்ளிப்போகும். கிழிச்சா கிழிக்கட்டும் என்று நினைத்தாரே, அந்தப் பிடிவாதத்தை என்னவென்று சொல்ல! சக்கர நாற்காலியோடு வார்டு ஆள் வந்து நின்றார். இவரும் அதில் உட்கார எழுந்தார்.

மனைவி நாற்காலியை மறித்துக்கொண்டு நின்றாள். "அவர் கைக்கு ஒண்ணுமில்லை மேடம். தினமும் பலூன் உடைச்சது நான்தான்."

வார்டு ஆள் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு போனார். அம்மாளின் பேனா 'தேறவில்லை' என்ற கட்டத்துக்கு மேலே வந்து நின்றது. அவமானத்தில் கிரேன்காரருக்குக் காது மடல் எரிந்தது.

அம்மாள் என்ன நினைத்தாரோ, பேனாவை வைத்துவிட்டு அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். "சும்மா வச்சிருந்த கை இப்படி மடங்காதே. என்ன செஞ்சீங்க?"

"அந்தப் பெட்டியில லாரி ஓட்டினேன் மேடம். இந்தக் கையாலதான்."

"ஓட்டிக் காட்டுங்க."

திரையில் சந்து வந்தது. லாரி அங்குலம் அங்குலமாகப் பின்னால் நகர்ந்தது. சுவருக்கும் கண்ணாடிக்கும் நடுவே நகக்கண் அளவு இடைவெளி. நிறுத்தினார், மூச்சு விட்டார், மெல்ல வளைத்தார். உரசாமல் போய் நின்றது.

"நான் பரிசோதனைக்குக் கூப்பிட்டது பலூன் உடைச்ச ஆளை" என்றார் அம்மாள். "அது நீங்க இல்லை. அதனால உங்களுக்கு இன்னைக்குப் பரிசோதனை நடக்கவே இல்லை. பழைய தேதிக்கு வாங்க. லாரியிலயே பார்க்கிறேன். இனி வேற யார் கையாவது பட்டுச்சு, அப்புறம் என்கிட்ட வராதீங்க."

வீட்டுக்கு வந்ததும் அவருக்குத் தாராள மனசு பொங்கியது. "இனிமே நீ உன் இஷ்டத்துக்குப் பலூன் ஆடு. உனக்குத்தான் அது உயிராச்சே."

"யார் சொன்னா?" தையல் மெஷினிலிருந்து அவள் தலையை நிமிர்த்தவில்லை. "நாற்பது நாளா கண்ணை மூடினாலும் பலூன்தான். பார்த்தாலே குமட்டுது. எனக்கு எது பிடிக்கும்னு நீங்க எப்பக் கேட்டீங்க?"

அவர் எழுந்துபோய் ஜாய்ஸ்டிக்கை அவள் கையில் கொடுத்தார். "இப்பக் கேக்கிறேன். எது வேணும்?"

அவள் பட்டியலை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டே வந்து, லாரியில் நிறுத்தினாள்.

"முதல் நாளே இதைத்தான் ஆடணும்னு நினைச்சேன்" என்றாள்.