சகலையின் பூட்டு

அக்காளைக் கட்டியவர் பெரிய சகலை, தங்கையைக் கட்டியவர் சின்ன சகலை. இரண்டு பேருக்கும் ஒரே மாமனார், ஒரே வேலையிடம். இதைவிட ஒரு மனிதனுக்கு வேறு சோதனை வேண்டுமா? ஊருக்குள் போகும் எரிவாயுவின் அழுத்தத்தைக் குறைத்து அனுப்புகிற நிலையம் அது. பெரிய குழாயில் மூர்க்கமாக வருகிற வாயுவை ரெகுலேட்டர் அடக்கி, அடுப்புக்கு ஏற்றபடி சாதுவாக்கிவிடும். பெரியவர் அங்கே ஷிப்ட் பொறுப்பாளர், சின்னவர் ஃபிட்டர்.

இருவருக்கும் எட்டு மாதமாகப் பேச்சில்லை. மாமனார் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் பெரியவர் வாய் சும்மா இருக்கவில்லை. "என் சகலை காலி சிலிண்டரக்கூட மூணு தடவ மோந்து பாப்பான், அவ்வளவு பயந்தாங்கொள்ளி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சின்னவரைக் கட்டினவளும் சேர்ந்து சிரித்துவிட்டாள், அதுதான் வினை. அன்றிலிருந்து வேலையிடத்தில் எல்லாம் தூதுதான். எதிரெதிரே நின்றுகொண்டு, வால்வு பார்க்கிற அக்காவிடம், "அளவு சரியா இருக்குன்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்பார் சின்னவர். "கேட்டுச்சுன்னு சொல்லுங்க" என்பார் பெரியவர். வால்வு அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

அன்று மதியம் இரண்டாவது லைனை நிறுத்தி, ரெகுலேட்டருக்குள் கிழிந்துபோன ரப்பர் சவ்வை மாற்றுவது சின்னவர் வேலை. வேலை செய்கிறவர் முற்றத்திலுள்ள வால்வை மூடி, தன் சிவப்புப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே ஆள் இருக்கையில் யாரும் வாயுவைத் திறந்துவிடக் கூடாதல்லவா, அதனால் போட்டவர்தான் திறக்கலாம். வேறு வழியே இல்லை, பூட்டை வெட்டத்தான் வேண்டும் என்றாலும், பூட்டுக்காரர் சம்மதத்தை அவர் வாயாலேயே கேட்டாக வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைத் தொண்டை வறளச் சொல்லுகிறவரே பெரியவர்தான்.

மூன்றரை மணிக்கு, ஓடிக்கொண்டிருந்த முதல் லைன் மக்கர் செய்தது. அழுத்தம் காட்டும் முள் இறங்கிக்கொண்டே போனது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து தொலைபேசி அலறியது. "ஆஸ்பத்திரி பாய்லர் அணையப் போகுதாம். ரெண்டாவது லைன உடனே தெறங்க!"

"அவர் எங்க?" என்று வால்வு அக்காவிடம் கேட்டார் பெரியவர்.

"கை கழுவி டீ குடிச்சாரு. அப்புறம் அவரு வண்டி கேட்டத் தாண்டிப் போச்சு, என் கண்ணால பாத்தேன்."

பெரியவருக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. பூட்டைக்கூட எடுக்காமல் வீட்டுக்குக் கிளம்பிவிட்டானா? நீளக் கைப்பிடி கட்டரைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார். ரெகுலேட்டர் அறையின் வாசல் அந்தப் பக்கம், இங்கிருந்து தெரியாது. பூட்டின் வளையத்தைக் கட்டரின் வாயில் கொடுத்து அழுத்தினார். இரும்பு கொஞ்சம் இடம் கொடுத்தது. இன்னும் ஒரே அழுத்து பாக்கி.

அப்போதுதான் உறைத்தது. வேறு யார் பூட்டாக இருந்தாலும் முதலில் போன் போட்டிருப்பாரே? இவனுக்கு ஏன் போடவில்லை? நானாகப் போய்ப் பேசுவதா என்கிற வீம்பு, வேறென்ன! சீ, நீயெல்லாம் ஒரு பொறுப்பாளரா என்று தன்னையே திட்டிக்கொண்டு கட்டரை இறக்கினார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

வாயு இருக்கிற இடத்தில் செல்போன் கூடாது. எல்லோருடையதும் கேட்டருகே ஒரு மரப்பெட்டியில் கிடக்கும். ஓடிப்போய்த் தன்னுடையதை எடுத்து அழுத்தினார். காதில் மணி அடித்தது. பெட்டிக்குள்ளும் ஒரு மணி அடித்தது.

கீறல் விழுந்த போன் ஒன்று அதிர்ந்து நகர்ந்துகொண்டிருந்தது. திரையில் 'அண்ணன்' என்று இருந்தது. எட்டு மாதமாகியும் பாவி அதை மாற்றவில்லை. போன் இங்கே இருந்தால் ஆள் உள்ளேதான்.

பின்னங்கால் பிடரியில் பட ஓடினார். பின்பக்க அறையில், பக்கத்து லைன் இரைச்சலில் எதுவும் காதில் விழாமல், சின்னவர் ரெகுலேட்டர் மூடியை மறுபடி கழற்றி, முகத்தை ஏறக்குறைய உள்ளேயே விட்டு, புதுச் சவ்வின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியை ஸ்டோர்காரர் சொந்த வேலையாக இரவல் வாங்கிப் போயிருந்தார், அவ்வளவுதான் விஷயம்.

பெரியவர் திரும்பிவந்து தொலைபேசியை எடுத்தார். "தெறக்க முடியாது. உள்ள ஆள் இருக்கான். ஆஸ்பத்திரிய டீசலுக்கு மாறச் சொல்லுங்க." அந்தப் பக்கம் காட்டுக்கத்தல் கத்தினார்கள். கத்தட்டும் என்று வைத்துவிட்டார். ஆஸ்பத்திரியும் முணுமுணுத்துக்கொண்டே மாறியது. சலவை மட்டும் ஒரு மணி நேரம் தாமதமானது.

வேலை முடிந்து பூட்டைத் திறக்க வந்த சின்னவரின் கட்டைவிரல் வளையத்தில் நின்றது. நன்றாகக் குனிந்து பார்த்தார். "அக்கா, இதக் கடிச்சது யாருன்னு அவர்கிட்ட கேளுங்க."

"நான்தான்" என்றார் பெரியவர், அக்காவைப் பார்க்காமல்.

சின்னவர் நிமிர்ந்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?"

"கேக்கத்தான் போன் போட்டேன். ஆனா வெட்டிப் பாத்ததுக்கு அப்புறம்."

சின்னவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெரியவர் பக்கத்தில் போய் நின்றார், தொடத் தைரியம் வரவில்லை.

"நடந்தத அப்படியே ரிஜிஸ்டர்ல எழுதப் போறேன்" என்றார். "பொறுப்புலேருந்து எடுத்தா எடுக்கட்டும்."

"எழுதுங்கண்ணே. நீங்க எழுதலன்னா நான் எழுதுவேன்." சின்னவர் முகத்தைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார். "எழுதிட்டு வாங்க, சேந்தே போவோம். என் வண்டி இன்னும் வரல."