வாயைத் திறந்தபடி ஒரு விவாதம்

பல் டாக்டருக்கு நாற்பத்தேழாவது வயதில் குவாண்டம் இயற்பியல் பிடித்துக்கொண்டது. மதியம் சாப்பிட்டபடி பார்ப்பதற்கு ஏதாவது தேடியபோது யாரோ ஒரு பேராசிரியரின் வகுப்பு கண்ணில் பட்டது. முப்பத்திரண்டு வகுப்புகளையும் பார்த்து முடித்தார். கணக்கு இடித்தது. பழைய கல்லூரிப் புத்தகங்களை வாங்கி, மேட்ரிக்ஸ் எனப்படும் அணிகளிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

கற்றதை யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. வீட்டில் அவர் "எலக்ட்ரான்" என்று ஆரம்பித்தாலே கணவர் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். ஒரே மாதத்தில் செடிகள் எல்லாம் அழுகிப்போயின.

ஆகவே டாக்டர், எழுந்து ஓட முடியாதவர்களிடம் சொல்லத் தொடங்கினார். நாற்காலியைச் சாய்த்து, ஊசி போட்டு, வாய் மரத்துப்போகக் காத்திருக்கும் நேரத்தில் பாடம் நடக்கும். நோயாளியின் கண்ணுக்கு நேர் மேலே, கூரையில், இரண்டு பிளவுகளின் வழியே எலக்ட்ரான் போகும் படத்தை ஒட்டியிருந்தார். ஒரு வருடமாக யாரும் மறுத்துப் பேசவில்லை. தன் விளக்கம் அவ்வளவு தெளிவு என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

அப்படியிருக்கையில்தான் லிஃப்ட் மெக்கானிக் கடைவாய்ப் பல்லில் சொத்தையோடு வந்து சேர்ந்தார்.

"எலக்ட்ரான் ரெண்டு ஓட்டை வழியாவும் ஒரே நேரத்துல போகுது, பாத்தீங்களா?" என்றார் டாக்டர், ட்ரில்லைக் கையில் எடுத்தபடி.

"ஆ ஊ ஆ ஆ" என்றார் மெக்கானிக்.

"வலிக்குதா?"

பக்கத்தில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்த நர்ஸ் தலையசைத்தார். பதினான்கு வருடமாகத் திறந்த வாய்களின் அருகிலேயே நிற்பவர். உதடும் நாக்கும் இல்லாத அந்த மொழி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"வலி இல்லையாம் டாக்டர். எந்த ஓட்டை வழியா போச்சுன்னு பாக்காதப்போ, எதுல போச்சுன்னு கேக்கறதே தப்புங்கிறார். ரெண்டுலயும் போச்சுன்னு நீங்க அடிச்சுச் சொல்றதும் தப்பாம்."

டாக்டரின் கையிலிருந்த ட்ரில் நின்றது. அவருக்குக் கோபம் வரவில்லை, கண் கலங்கியது. எதிர்த்துப் பேச ஒரு ஜீவன் கிடைத்துவிட்டது.

லிஃப்ட் மெக்கானிக்கும் அந்தப் பைத்தியம் பிடித்தவர்தான். மொட்டைமாடி மோட்டார் அறைகளில் உதிரிப் பாகத்துக்காகக் காத்திருந்த நேரங்களில், பின்பாதி கிழிந்த ஒரு பழைய புத்தகத்தைப் படித்துத் தேறியவர். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி அவருக்கென்று ஒதுக்கப்பட்டது. முதலில் சொத்தையை அடைத்தார்கள். பிறகு பக்கத்துப் பல். பிறகு எல்லாப் பற்களையும் சுத்தம் செய்தார்கள். ஆறாவது வாரம் டாக்டர் சுண்ணாம்பு அடித்த சுவர்போல வெளுத்துக் கிடந்த வாயைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"உங்க வாய்ல இனிமே எனக்கு வேலையே இல்ல சார்."

சரி, சாதாரணமாகப் பேசிக்கொள்ளலாமே என்று மேஜைக்கு எதிரெதிரே உட்கார்ந்து பார்த்தார்கள்.

"அப்புறம்?" என்றார் டாக்டர்.

"நல்லா இருக்கேன் டாக்டர்."

"பல்லு?"

"அதுவும்."

மின்விசிறி சுற்றியது. ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்த நர்ஸ், "போய் படுங்க சார்" என்றார். மெக்கானிக் படுத்தார், வாயைத் திறந்தார், டாக்டர் ஒரு கண்ணாடியை உள்ளே விட்டார். மடை திறந்ததுபோல் பேச்சு வந்தது.

ஒன்பதாவது வாரம் மெக்கானிக்கின் மனைவி கிளம்பி வந்துவிட்டார்.

"இவருக்கு மொத்தம் எத்தனை பல்லுங்க?"

"இருபத்தெட்டு."

"அதுல எத்தனை கெட்டுப்போயிருக்கு?"

"ஒண்ணுகூட இல்ல."

"அப்ப வாராவாரம் இங்க என்னதான் நடக்குது?"

"எலக்ட்ரானோட சுழற்சி விஷயமா எங்களுக்குள்ள ஒரு சின்ன தகராறுங்க. உங்க வீட்டுக்காரர் என்னமா பேசறார் தெரியுமா!"

"இவரா? வீட்டுல கூப்பிட்டாக்கூட 'ம்'முன்னுதான் சொல்வார்" என்றார் மனைவி. கணவர் பேசுவதைக் கேட்டே தீருவது என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அன்றைய தகராறு இதுதான். எந்தப் பொருளையும் ஒரு முழுச் சுற்று சுற்றினால் அது பழைய நிலைக்கு வந்துவிடும். எலக்ட்ரான் மட்டும் வராது. அதற்கு இரண்டு சுற்று வேண்டும்.

"கணக்கு சரியாத்தான் வருது. மனசுதான் ஏத்துக்க மாட்டேங்குது. உலகத்துல வேற எந்தப் பொருளாவது இப்படி இருக்கா?" என்றார் டாக்டர்.

"ஆ ஊ" என்றார் மெக்கானிக்.

"இருக்குங்கிறார்" என்றார் நர்ஸ்.

"எங்க இருக்கு? காட்டச் சொல்லுங்க!"

"ஆ."

நர்ஸ் மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் குழாயை மாட்டிவிட்டு, வாய் கொப்பளிக்கும் டம்ளரில் தண்ணீர் நிரப்பி உள்ளங்கையில் வைத்தார். தண்ணீர் சிந்தாமல், டம்ளரை அக்குளுக்கு அடியில் கொண்டுபோய் ஒரு சுற்று சுற்றினார். டம்ளர் நேராகத்தான் நின்றது. கையோ துணி பிழிந்ததுபோல் முறுக்கிக்கொண்டு, முழங்கை மேலே பார்த்தது. அதே திசையில், இப்போது தலைக்கு மேலாக, இன்னொரு சுற்று. முறுக்கு அவிழ்ந்து கை பழையபடி நேரானது.

"தனியா இருக்கற டம்ளருக்கு ஒரு சுத்து போதும். கையோட சேந்திருக்கற டம்ளருக்கு ரெண்டு வேணும்" என்றார் நர்ஸ். ஒரு சொட்டுகூடச் சிந்தியிருக்கவில்லை.

டாக்டர் டம்ளரையும் நர்ஸின் கையையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"சிஸ்டர், அவர் வெறும் 'ஆ'ன்னுதானே சொன்னார்? அதுக்குள்ள இவ்வளவும் இருந்துச்சா?"

மெக்கானிக் வாயிலிருந்து கண்ணாடியைத் தானே எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

"கழுத்து வலிக்குதுன்னு சொன்னேன் டாக்டர்."

"போன வாரம்?"

"அப்பவும் கழுத்துதான். மொதல் நாலு வாரம் நான் பேசினது. அதுக்கு மேல என் புத்தகத்துல பக்கம் இல்ல. நான் என்னத்தையோ உளறுவேன், சிஸ்டர் பிரமாதமா ஏதோ சொல்வாங்க. நான் சொல்லியிருந்தாகூட அவ்வளவு நல்லா வந்திருக்காது. சும்மா இருந்துட்டேன்."

"நான்தான் சொன்னேனே" என்றார் மனைவி, ஸ்டூலிலிருந்து.

டாக்டர் நர்ஸின் பக்கம் திரும்பினார். நர்ஸ் டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நான் கேட்டா 'பஞ்சை எடுங்க'ம்பீங்க டாக்டர். அவர் கேக்கறார்னா பதில் சொல்றீங்க. ஒரே பாடத்தை முந்நூறு தடவை கேட்டிருக்கேன். ஒரு சுத்து முடிஞ்சதும் எலக்ட்ரான் கணக்குக்கு முன்னாடி வர்ற மைனஸ் குறியை முந்நூறு தடவையும் முழுங்கிடுவீங்க."

டாக்டர் மனதுக்குள் பாடத்தை ஓட்டிப் பார்த்தார். முழுங்கித்தான் இருந்தார். வெட்கத்தில் காது சிவந்தது.

"அடுத்த வாரம் நீங்க படுங்க சிஸ்டர்" என்றார் தணிந்த குரலில்.

"நான் எதுக்குப் படுக்கணும்? எனக்கு நின்னுக்கிட்டே பேச வரும். நீங்க படுங்க."

அப்படியே நடந்தது. செவ்வாய்க்கிழமை டாக்டர் தன் நாற்காலியில் முதல்முறையாகச் சாய்ந்து வாயைத் திறந்தார். நர்ஸ் கண்ணாடியை விட்டு, அந்த மைனஸ் குறியிலிருந்து பாடத்தை ஆரம்பித்தார். மொழிபெயர்க்கும் வேலை மெக்கானிக்குக்கு. அதில் அவர் மகா மோசம்.

"ஆ ஆ ஏ" என்றார் டாக்டர்.

"தண்ணி வேணுமாம்."

டாக்டர் இல்லை என்று வேகமாகத் தலையாட்டினார். "ஆ ஆ ஏ!"

"நிறைய தண்ணி வேணுமாம்."

டாக்டர் சொன்னது "மாறாதே" என்பதுதான்: அணிகளின் பெருக்கலில் வரிசையை மாற்றினால் விடை மாறாதே என்று கேட்டிருந்தார். மாறும் என்பதைக்கூட அவர் மறந்துவிட்டிருந்தார். ஆனால் நர்ஸின் கவனம் வேறெங்கோ போயிருந்தது. அவர் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டார்.

"டாக்டர், கீழ் இடது பக்கம் பெரிய சொத்தை. கடைசியா எப்போ காட்டினீங்க?"

யாரிடமும் காட்டியதில்லை. அன்று மாலையே நான்கு தெரு தள்ளி இருந்த இன்னொரு பல் டாக்டரிடம் நேரம் வாங்கினார்கள். பயமாக இருக்கிறது என்று டாக்டர் ஒப்புக்கொள்ளவில்லை. துணைக்கு வரச்சொல்லி இருவரையும் கூப்பிட்டார். ஆனால் உள்ளே ஒருவருக்குத்தான் அனுமதி, அதுவும் நோயாளிக்கு.

அந்த டாக்டர் நாற்காலியைச் சாய்த்தார், ஊசி போட்டார், தான் வாங்கப்போகும் மனையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நாற்பது நிமிடம். மனையின் நாற்பதுக்கு அறுபது அளவு, சாலையின் அகலம், கிணறு தோண்டும் ஆழம், பக்கத்து மனைக்காரரின் குணம் எதையும் விடவில்லை. நடுவில் நம் டாக்டர் இரண்டு முறை "ஆ ஊ ஆ" என்றார். அங்கிருந்த நர்ஸ், "வலிக்குதாம்" என்று இன்னொரு ஊசிக்கு ஏற்பாடு செய்தார்.

கன்னம் வீங்கி வெளியே வந்த டாக்டரை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள்.

"ஆ ஊ ஆ" என்றார் டாக்டர், கோபத்தோடு.

"வலிக்குதா டாக்டர்?" என்றார் மெக்கானிக்.

"வலி இல்ல" என்றார் நர்ஸ். "நாப்பதையும் அறுபதையும் பெருக்கினா ரெண்டாயிரத்து நானூறுதான் வருமாம். அந்த ஆள் ரெண்டாயிரத்து அறுநூறு சதுர அடின்னு நம்பிக்கிட்டு இருக்காராம்."

டாக்டர் நன்றியோடு தலையாட்டினார்.