பத்தாவது ஆள்

"ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல, மூணு இல்ல..." மெல்வின் கண்ணாலேயே எண்ணினான். ஆட்களை நேராக எண்ணினால் ஆகாது. எண்ணிக்கை "ஒன்பது இல்ல" என்பதோடு நின்றுவிட்டது.

பத்து யூத ஆண்கள் கூடினால்தான் அப்பா பார்னிக்காக அவன் கதீஷ் என்னும் இரங்கல் பிரார்த்தனையைச் சொல்ல முடியும். அடக்கம் முடிந்து மூன்று நாளாக இதே கதை. அவன் அக்கா ரோடா பல்லைக் கடித்தாள். வீட்டில் நிற்க இடமில்லை. அப்பாவோடு கால்பந்து விளையாடிய, யூதரல்லாத ஏழு பேர் வேறு சுவரோரம் நின்றார்கள்.

"எங்கள எண்ணவே இல்லையேம்மா?" கோல்கீப்பர் ஆல்ஃப் கேட்டார்.

"நீங்க சேர்த்தி இல்ல ஆல்ஃப் மாமா. பொம்பளன்னு நானும் இல்ல."

"பார்னிக்கு இது புதுசா? மைதானத்துல 'யூதப்பயலே'ன்னு கத்துவாங்க. வீட்டுக்கு வந்தா உங்காளுங்க மூஞ்சியத் திருப்பிக்குவாங்க."

மத்தளம் போல இரண்டு பக்கமும் இடி. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன், யூதர்கள் நோன்பிருந்து எந்த வேலையும் தொடாத பாவமன்னிப்பு நாளில், வெறும் வயிற்றோடு அப்பா ஆடப் போனார். வராவிட்டால் அணியில் இடமில்லை என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அன்று பெனால்டியை வெளியே அடித்தார். கிளப்பும் கைகழுவியது, அண்ணன் ஹைமனும் பேச்சை நிறுத்தினார். இரண்டு வீடு தள்ளித்தான் இருக்கிறார். அடக்கத்துக்குக்கூட வரவில்லை.

ரோடா எழுந்தாள்.

"துக்கம் காக்குறவ வாசல் தாண்டக் கூடாதுடி!" அம்மா பதறினாள்.

"நான் தாண்டுறேன்."

லீட்ஸ் நகரத்து மழையில் வெறுங்காலோடு போய் ஹைமன் வீட்டுக் கதவைத் தள்ளினாள். தாழ்ப்பாள் போட்டிருக்கவில்லை.

"பெரியப்பா, உங்களுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா?"

ஹைமன் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மூன்று நாள் தாடி. நிலைக்கண்ணாடிமேல் போர்வை. கோட்டின் மார்புப் பக்கம், துக்க வழக்கப்படி, கிழித்துவிடப்பட்டிருந்தது.

அவளுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. "இங்க தனியா உக்காந்து என்ன பண்றீங்க?"

"தம்பி செத்தா ஏழு நாள் உக்காரணும். வாசல் தாண்டக் கூடாது. அது சட்டம்."

"நல்ல சட்டம்!"

திரும்பி ஓடினாள். "எல்லாரும் கிளம்புங்க. பிரார்த்தனை அங்கதான்."

ஒன்பது பேரும், அவர்கள் பின்னால் ஏழு பேரும் நனைந்துகொண்டே வந்தார்கள். ஹைமன் யாரையும் வா என்று சொல்லவில்லை. எழுந்து நின்றார், அவ்வளவுதான். மெல்வின் கதீஷைத் தொடங்கினான்.

முதல் 'ஆமென்' வந்தபோது ஹைமனின் உதடு மட்டும் அசைந்தது.

ஆல்ஃப் கொஞ்சம் பிந்தி, சத்தமாகவே சொன்னார்.