தகமுன் கழற்றாத மான்தலை

வில்நாணில் சிக்காமலிருக்க ஆண்கள் தலையின் வலப்பக்கத்தை மழித்து, இடப்பக்கம் நீளமாக முடி வளர்ப்பது பமங்கி ஆற்றங்கரைப் பழங்குடிகளின் வழக்கம். மறுநாள் மான்வேட்டை. எப்போதும் பின்னால் நின்று சிப்பியால் மழிக்கும் வெட்டனிஸ்கே, அன்று கதை பேசும் சுவாரசியத்தில் கணவன் தகமுனுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள். தன் வலக்கைப் பக்கம் இருந்ததைச் சுத்தமாக வழித்தும்விட்டாள்.

"அடிப்பாவி! இது இடது பக்கம்டி!"

"அதுக்கு ஏன் கத்துறீங்க? மிச்சத்தையும் வழிச்சிடட்டுமா?"

"மொட்டையாப் போனா உன் அண்ணன் கொப்பகன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். நான் வேட்டைக்கே போகல."

மானை ஏமாற்றிக் கிட்டே போக வேட்டைக்காரர்கள் மாட்டிக்கொள்ளும் மான்தலைத் தோல் ஒன்று வீட்டில் இருந்தது. வெட்டனிஸ்கே அதை எடுத்து அவன் தலையில் கவிழ்த்தாள். முடியெல்லாம் உள்ளே போய்விட்டது.

மறுநாள் முதல் மானை அடித்தவன் தகமுன்தான். விருந்திலும் கொம்போடுதான் உட்கார்ந்தான்.

"சாப்பிடும்போதாவது அதைக் கழட்டேன் மச்சான்," என்றான் கொப்பகன்.

"ராசியான தலைண்ணே! பனி விழுற வரைக்கும் கழட்டமாட்டாராம்," என்று முந்திக்கொண்டாள் வெட்டனிஸ்கே.

அடுத்த விருந்தில், கொப்பகனையும் சேர்த்து, ஐந்து மான்கள் வரிசையாக உட்கார்ந்து சோளக்கஞ்சி குடித்தன.