நாண் இறக்காத வில்

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். லிந்துலைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில், ஃபேக்டரித் தச்சன் யோகேஸ்வரனான என்னிடம் பேச்சுக் கொடுக்குமுன் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

தொண்ணூற்றெட்டில், அருச்சுனன் தபசுக் கூத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, தங்கை லெட்சுமியின் புருஷன் வீரய்யா வில்லோடு வந்தான். பத்து வருஷமாக அவன்தான் அருச்சுனன். கொய்யாக் கம்பில் அந்த வில்லைச் செய்தவனும் அவனே. போன வருஷம், கூத்தில் அருச்சுனன் எய்ய வேண்டிய வைக்கோல் பன்றிமேல் விட்ட அம்பு அவன் காலடியிலேயே விழுந்து, சனம் சிரித்துவிட்டது. இந்த முறையும் அப்படியானால் வேஷம் வேறொருவனுக்குப் போய்விடும் என்று கோயில் கமிட்டியில் சொல்லிவிட்டார்கள்.

வில்லைத் திருப்பிப் பார்த்தேன். எய்பவனைப் பார்த்திருக்கும் உட்புறத்தில், பிடிக்குச் சற்றுக் கீழே, குறுக்குக் குறுக்காகச் சுருக்கங்கள். வளைந்தபடியே கிடந்து மரம் நசுங்கியிருந்தது. நாணைக் கழற்றாமல் வருஷம் முழுக்கக் கோயிலில் மாட்டிவைத்த மடையன் யார் என்று கத்தினேன்.

வீரய்யா தரையைப் பார்த்தபடி சொன்னான்: "நீங்கதான் மச்சான். மொத வருசம் நான் கழட்டுனேன். அருச்சுனன் வில்லுல நாண் எறக்குனா தோத்துட்டான்னு அர்த்தம்னு எல்லாருக்கும் முன்னால ஏசுனீங்க."

ஞாபகம் வந்தது. வெட்கமாகப் போய்விட்டது.

நசுங்கிய பகுதியை மேலாகச் செதுக்கி எடுத்து, அதே அளவில் வேறொரு கொய்யாச் சில்லை ஒட்டி, சைக்கிள் டியூப்பால் இறுக்கிக் கட்டி மூன்று நாள் விட்டேன். ஒரே இடம் பாரம் தாங்கினால் மறுபடி நசுங்கும். அதனால் வீரய்யா நாணை மெல்ல இழுத்துக் காட்ட, வளையாமல் விறைத்து நின்ற இடங்களை உடைந்த கண்ணாடியால் சுரண்டிச் சுரண்டி, வில் முழுக்க ஒன்றுபோல் வளையச் செய்தேன். அவனை ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை.

கூத்தன்று விடியும் நேரம், அம்பு பன்றியின் விலாவில் போய்த் தைத்தது. லெட்சுமி அழுதுவிட்டாள்.

வில்லைக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். எல்லார் முன்னாலும் நாணைக் கழற்ற வீரய்யாவுக்குத் துணிவில்லை, தயங்கி நின்றான். நான் வாங்கி, முழங்காலில் கொடுத்து வளைத்து, கழற்றினேன். பூசாரி இராமையா பதறிப்போய், இது நீ போட்ட சட்டமாச்சே என்றார். சனம் என் முகத்தைப் பார்த்தது.

"நான் சொன்னது தப்புங்க," என்றேன். "பத்து வருசமா வில்லும் தாங்குச்சு, இவனும் தாங்குனான்."

வீரய்யா நாணைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டான்.